சுமோ போன பிறகு எந்த வண்டி?

கேள்வி: பட்டுக்கோட்டை வட்டத்தில் ஆறு ஏக்கர் தென்னை, மூன்று ஏக்கர் நெல் செய்கிறோம். 2008இல் வாங்கிய டாடா சுமோ விக்டா இதுவரை ஓடியது. இப்போது என்ஜின் ஹெட்டில் விரிசல், ஸ்டீயரிங் பாக்ஸும் தேய்ந்துவிட்டது, இனிமேல் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் சொல்கிறார். புதிதாக வாங்கலாம் என்றால் சுமோ வருவதில்லை. அப்பா போலேரோதான் என்கிறார். எனக்கு சஃபாரி, இல்லாவிட்டால் ஸ்கார்பியோ. தம்பி பழைய இன்னோவா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். எதை எடுக்கலாம்? பயிர்க்கடன் வர இருக்கிறது, அதை முன்பணமாகக் கட்டலாமா? சுமோவை என்ன செய்வது? அப்பாயிக்கு வாரம் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ் நடக்கிறது, அதற்கும் வண்டி வேண்டும்.

— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கடிதத்தின் கடைசி வரியில் வந்திருப்பது முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி. அதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். முதலில் சுமோ.

டாடா சுமோ 1994இல் வந்தது. பார்க்க ஜப்பான் மல்யுத்தக்காரர்போல இருந்ததால் அந்தப் பெயர் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாடா மோட்டார்ஸை வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. லாரிக்குப் போடுவதுபோல ஏணி வடிவச் சேசிஸ், பின்சக்கரத்துக்கு இழுவை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. டெல்டாவில் இந்த வண்டி பிடித்துப்போனதற்கு அழகு காரணமில்லை. நாடியம்மன் கோயிலுக்கு வீடு முழுக்க ஏறிப் போகலாம். திரும்பி வந்த மறுநாளே பின் பெஞ்சை மடக்கிவிட்டு உர மூட்டை ஏற்றலாம். நடவுக்கு ஆள் கூட்டி வரலாம், நாற்றுக்கட்டு அள்ளிப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் போகலாம். எங்கே நின்றாலும் பக்கத்து ஊர் ஒர்க்ஷாப்பில் ஒருவருக்கு அதன் கதை தெரியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்து, சாலையெல்லாம் தென்னையும் மின்கம்பமும் விழுந்து கிடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் கயிறு கட்டி மரத்தை இழுத்ததும் குடிதண்ணீர் கேன் சுமந்ததும் இப்படிப்பட்ட வண்டிகள்தான். ஒரு வீட்டுக்காரர் அதை மறக்க மாட்டார்.

2019இல் சுமோ நின்றது. அந்த ஆண்டில்தான் ஏபிஎஸ் பிரேக், ஓட்டுநருக்கு ஏர்பேக், மோதல் சோதனைத் தகுதி என்று ஒவ்வொன்றாக எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதியும் வர இருந்தது. 25 ஆண்டு பழைய அமைப்பை இத்தனைக்கும் சரிக்கட்டுவதற்கு ஆகும் செலவுக்குப் புது வண்டியே செய்யலாம் என்பதால் பல கம்பெனிகள் பல வண்டிகளை அப்போது நிறுத்தின. பழைய சஃபாரியும், மஹிந்திராவின் சைலோவும் அதே காலத்தில் போனவைதான்.

ஒரு வண்டி நின்றுபோனால் அதன் பெயரையோ முகத்தையோ தேடிப் போவதுதான் முதல் தவறு. இந்த வாசகர் ஆசைப்படும் சஃபாரியையே எடுத்துக்கொள்ளலாம். 2019 வரை வந்த சஃபாரிக்குச் சேசிஸ் தனி, இழுவை பின்சக்கரத்தில். 2021 பிப்ரவரியில் அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு வண்டி. தனிச் சேசிஸ் கிடையாது, இழுவை முன்சக்கரத்தில். நெடுஞ்சாலையில் சொகுசான நல்ல வண்டிதான், ஆனால் பழைய சஃபாரியை வைத்திருந்தவர் அந்த வேலையை இதனிடம் எதிர்பார்த்தால் ஏமாறுவார். 2021 ஜூலையில் வந்த போலேரோ நியோவும் அப்படித்தான். பெயரில் போலேரோ இருந்தாலும் முன்பு டியுவி 300 என்று விற்ற வண்டியைத் திருத்தி அமைத்தது அது.

நெல்லில் இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. பொன்மணி என்கிற சிஆர் 1009 ரகத்தை விட மனமில்லாமல் டெல்டாக்காரர்கள் பல ஆண்டு வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் மட்டும் கைவிட்டுவிடும். அதற்கு ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய ரகத்தில் இருந்த சப்-1 மரபணுவை மட்டும் சேர்த்து சிஆர் 1009 சப்-1 வந்தது. அதே வயது, அதே நெல், இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கினாலும் மீண்டு தழைக்கும் குணம் மட்டும் கூடுதல். அங்கே பெயர் தொடர்ந்தது, குணமும் தொடர்ந்தது. வண்டிக் கம்பெனிகள் அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை. குவாலிஸை எல்லோரும் விரும்பி வாங்கிக்கொண்டிருந்தபோதே 2005இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தது டொயோட்டா. குவாலிஸ் வைத்திருந்தவர்களின் முதல் பேச்சு புலம்பல்தான். சில ஆண்டு கழித்து அவர்களே இன்னோவா வாங்கினார்கள்.

ஆகவே சுமோ என்னென்ன வேலை செய்தது என்று ஒரு தாளில் எழுதுவதுதான் முதல் வேலை. அப்பா, மகன்கள், வீட்டுப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து எழுத வேண்டும். ஆண்கள் மட்டும் எழுதினால் பாதி வேலை விட்டுப்போகும். எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இந்த வேலைக்கு, தேவைப்படும் நேரத்தில், வாடகைக்கு வண்டி கிடைக்குமா?

உரம், விதை மூட்டை, தேங்காய்க்கு ஊருக்கு ஊர் குட்டி யானை இருக்கிறது. டாடா ஏஸ் 2005இல் வந்தது. சுமோ வாங்கப்பட்ட நாளில் அது இவ்வளவு பரவியிருக்கவில்லை. இன்று போன் செய்தால் களத்து வாசலில் வந்து நிற்கிறது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவது எப்படியும் டிராக்டர் டிப்பர்தான், சுமோ அதைச் செய்ததே இல்லை. ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை வரும் குலதெய்வக் கோயில் பயணம், கல்யாணத்துக்கு டெம்போ டிராவலர் போதும், இன்னும் வசதியாகவும் போகலாம். தினமும் தோப்புக்குப் போய்த் தண்ணீர் பார்த்து வருவதற்குப் பெரும்பாலான வீடுகளில் டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது. இவற்றையெல்லாம் அடித்துவிட்டால் இந்த வீட்டில் மிஞ்சுவது அப்பாயியின் தஞ்சாவூர்ப் பயணமும், நேரம் காலம் பார்க்காமல் வரும் அவசரமும்தான். உயிருக்கு ஆபத்து என்றால் 108 உண்டு. ஆனால் வாரம் இரண்டு நாள், விடியற்காலையில் புறப்பட்டு, நான்கு மணி நேரம் காத்திருந்து, களைத்துப்போன ஒருவரைத் திரும்பக் கூட்டி வருவதற்கு வாடகை வண்டியை நம்பினால் மாதச் செலவு எங்கோ போய்விடும். புது வண்டியின் முதல் வேலை இதுதான். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

வண்டி பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி இப்போது தலைநகர்களைத் தாண்டியும் வந்திருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அந்தச் சிகிச்சை சேரும். பட்டுக்கோட்டையிலேயோ இன்னும் பக்கத்திலேயோ அப்பாயிக்கு இடம் கிடைக்குமா என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டும். கிடைத்தால் வண்டிக் கணக்கே மாறிவிடும்.

கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாரம் இரண்டு தடவை போய் வந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். டயாலிசிஸ் முடிந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கால் தளரும். சாய்ந்து படுத்தபடி வர வேண்டியிருக்கும். சுமோவிலும் போலேரோவிலும் ஏற ஒரு காலை உயரத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏற வேண்டும். ஊசி போடுவதற்காக ஃபிஸ்டுலா செய்த கையில் பாரம் தூக்கவோ அதைப் பிடித்து இழுக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அவசரத்தில் பேரன் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவான். இத்தனை நாளும் அந்தப் பாட்டி சுமோவில் எப்படி ஏறி இறங்கினார் என்று கடிதத்தில் இல்லை. வீட்டில் கேட்டால் தெரியும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே படி தாழ்ந்த, உட்கார்ந்தபடியே உள்ளே திரும்பிக்கொள்ளக்கூடிய இருக்கை உள்ள வண்டி இந்த வீட்டுக்கு வேண்டும். மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், இன்னோவா வகை. அப்பாவுக்கு இது பிடிக்காது. தோப்புக்குள் போகுமா என்பார். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் மண்ணில் இருக்கிறது. மன்னார்குடிக்குக் கிழக்கே போனால் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரை சோப்புப் போட்டதுபோல வழுக்கும். அங்கே முன்சக்கர இழுவை வண்டியில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கரைமேல் ஏறினால் எடை முழுவதும் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் சும்மா சுற்றும். பின்சக்கர இழுவையில் பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும், சுமோ மாட்டிக்கொள்ளாததன் ரகசியம் இதுதான். அந்தப் பக்கத்து விவசாயி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் போலேரோ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில், பெரும்பாலும் செம்மண்ணும் மணற்பாங்கும். மழை விட்ட மறுநாளே தண்ணீர் இறங்கிவிடும். தோப்பு வாசல் வரை தார் அல்லது கப்பிச் சாலையும் பல ஊர்களில் வந்துவிட்டது. சாலையிலிருந்து தோப்புக்குள் இறங்கும் சரிவு ஒன்றுதான் இடைஞ்சல் என்றால், இரண்டு டிராக்டர் கிராவல் அடித்து அதைச் சரி செய்ய ஆகும் செலவு மிகச் சிறியது. சரிவுக்காக வண்டியைத் தேர்வு செய்வதைவிட வண்டிக்காகச் சரிவை வெட்டுவது மலிவு.

பாரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. பத்து மூட்டை 450 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று ஏழு பேர் ஏறினால் 455 கிலோ. வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். ஏழு பேரும் ஏறிக்கொண்டு, மேலே கேரியரில் நான்கு மூட்டையும் போட்டுக்கொண்டு போன காலத்தில் சுமோ தாங்கியது என்பது உண்மை. அதன் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் கொடுத்த விலையும் உண்மை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் வாங்குவதற்குள் கோர்ட் படி தேய்ந்துவிடும்.

டீசலா பெட்ரோலா? டீசல்தான் மலிவு என்ற பழைய கணக்கு இப்போது அவ்வளவு நிற்பதில்லை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, கனமான டீசல் வண்டி லிட்டருக்கு 14 கொடுக்கிறது, பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஆண்டுச் செலவு ஒரு லட்சத்தைச் சுற்றியே வருகிறது. இதைவிட முக்கியமானது பிஎஸ்-6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி சூடாகிச் சீரான வேகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது அதை எரித்துத் தள்ளும். வீட்டிலிருந்து தோப்புக்கு மூன்று கிலோமீட்டர், தோப்பிலிருந்து டீக்கடைக்கு ஒன்று என்று மட்டும் ஓட்டினால் அது எரிவதற்கு நேரமே கிடைக்காது, அடைத்துக்கொள்ளும். மீட்டரில் விளக்கு எரிந்தும் கவனிக்காமல் ஓட்டிவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு. சில டீசல் வண்டிகளில் ஆட்-புளூ என்ற திரவத்தையும் தீரத் தீர ஊற்ற வேண்டும். இந்த வீட்டு வண்டி வாரம் இரண்டு தடவை தஞ்சாவூர் போவதால் வடிகட்டிப் பிரச்சினை வராது. அந்தப் பயணம் இல்லாத, தோப்புக்கு மட்டும் போகிற வீட்டுக்கு பிஎஸ்-6 டீசல் பொருந்தாது.

இனி வண்டிகளை ஒவ்வொன்றாக.

போலேரோ 2000இல் இருந்து வருகிறது. இன்று கடையில் கிடைப்பதில் சுமோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். தனிச் சேசிஸ், பின்சக்கர இழுவை, 75 குதிரைத் திறன் டீசல் என்ஜின், கிராமத்து மெக்கானிக்குக்குப் பழகிய அமைப்பு. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,500 சிசிக்குள் டீசல் என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். எர்டிகா, இன்னோவா, ஸ்கார்பியோ, சஃபாரி எல்லாம் 40 சதவீத வரிசையில் வருகின்றன. போலேரோவின் பின் இரண்டு இருக்கைகள் சுமோபோலவே பக்கவாட்டில் பார்ப்பவை. குழந்தைகளை அங்கே உட்கார வைத்துத்தான் எல்லா வீட்டிலும் பழக்கம். மோதினால் அந்த இருக்கையில் உடம்பைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. போலேரோ நியோவிலும் பின்னிருக்கை அப்படித்தான், குளோபல் என்கேப் 2024இல் அதை மோதிச் சோதித்தபோது கிடைத்தது ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்.

எர்டிகாவும் அதே 2024 சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. இதை மறைத்துவிட்டு அதைச் சிபாரிசு செய்வது சரியில்லை. அதன் பிறகு ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் வந்திருக்கிறது. ஆகவே எடுப்பதாக இருந்தால் அப்படி வந்த புது வண்டியாக எடுக்க வேண்டும், சில ஆண்டு பழையது வேண்டாம். சிஎன்ஜி ரகம் கிலோமீட்டருக்கு மலிவு, ஆனால் சிலிண்டர் பின்னால் சாமான் வைக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் நிரப்பும் பங்க் எங்கே, வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு காலைப் பொழுது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஸ்கார்பியோ-என் 2022இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, சேசிஸும் தனி. மகனின் ஆசை தப்பில்லை. ஆனால் படி உயரம், விலையும் உயரம். அப்பாயியை அதில் ஏற்ற ஒரு ஸ்டூலையும் கூடவே எடுத்துப் போக வேண்டியிருக்கும். இன்னோவா கிரிஸ்டா இந்த வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வண்டி. 2.4 லிட்டர் டீசல், பின்சக்கர இழுவை, நல்ல இருக்கை. பெட்ரோலில் ஓடும் ஹைகிராஸ் 2025இல் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஆனால் அதன் இழுவை முன்சக்கரத்தில். இரண்டுக்கும் குறை ஒன்றுதான், விலை.

அதனால்தான் தம்பி பழைய இன்னோவாவைப் பார்த்திருக்கிறார். இந்த வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த யோசனைதான் எல்லாவற்றிலும் உருப்படியானது. ஆனால் பழைய வண்டியில் இரண்டு இடத்தில் கண் வைக்க வேண்டும். ஒன்று, அது எங்கே ஓடியது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடிப் பக்கமும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். காலடிக் கார்ப்பெட்டைத் தூக்கினால் மக்கிய வாடை வரும். இருக்கையைத் திருகியிருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருக்கும். இரண்டாவது, கடற்கரை. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் வளர்ந்த வண்டியின் பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் சேசிஸைக் குழியில் நிறுத்திக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பின் ஓசையும் அரித்த இரும்பின் ஓசையும் வேறு வேறு. டாக்சியாக ஓடிய வண்டியைச் சொந்த வண்டியாக மாற்றி விற்பதும் உண்டு, ஆர்.சி. வரலாற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்பவரின் மெக்கானிக்கிடம் காட்டாமல் சுமோவைப் பதினைந்து வருடம் பார்த்த அதே மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டுவது நல்லது. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் போதும்.

பணத்துக்கு வருவோம். ஷோரூமில் சொல்லும் விலை வேறு, சாலைக்கு வரும் விலை வேறு. தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள ரகத்துக்கு வரி 1,28,700 ரூபாய். 10 லட்சத்து 50 ஆயிரம் ரகத்துக்கு 1,89,000 ரூபாய். விலையில் 60,000 கூடியதற்கு வரியிலும் 60,000 கூடிவிடுகிறது. விற்பனையாளர் அலாய் வீலும் பெரிய டிவியும் காட்டி மேல் ரகத்துக்கு இழுப்பார், அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லமாட்டார்.

10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 20,758 ரூபாய், ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. மரத்துக்கு 100 காய், காய் 15 ரூபாய் என்று நல்லபடியாகவே கணக்குப் போட்டாலும் ஏக்கருக்கு மொத்த வரவு 1,05,000. வெட்டுக்கூலி, உரம், தண்ணீர் எதுவும் கழிக்காமலே இரண்டரை ஏக்கர் தென்னை அந்தத் தவணைக்கு மட்டும் காய்க்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு 2019இல் நட்ட நெட்டை ரகங்கள் இப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன, முழு மகசூலுக்கு இன்னும் சில ஆண்டு ஆகும். இடையில் சுருள் வெள்ளை ஈ வேறு. ஆகவே ஆறு ஏக்கர் என்ற எண்ணிக்கையை நம்பாமல், இன்று காய்க்கிற மரங்களை மட்டும் எண்ணித் தவணையை முடிவு செய்ய வேண்டும். வரவு மாதாமாதம் வராத வீட்டுக்கு மாதத் தவணை எப்போதும் இடிக்கும். அறுவடையை ஒட்டி அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும்படி டிராக்டருக்குக் கொடுப்பதுபோல இதற்கும் தருவார்களா என்று வங்கியில் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பயிர்க்கடனை முன்பணமாகப் போடலாமா என்ற கேள்விக்குப் போடக்கூடாது என்பதே பதில். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை வாங்கி உரிய நாளில் திருப்பினால் 4 சதவீதம், கூட்டுறவுச் சங்கத்தில் என்றால் வட்டியே இல்லை. இவ்வளவு மலிவான பணம் விவசாயிக்கு வேறு எங்கும் கிடைக்காது. அதைக் காருக்குப் போட்டுவிட்டால் சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் கையில் காசு இருக்காது. அப்போது வெளியில் வட்டிக்கு வாங்குவார்கள், அறுவடையில் அதை அடைப்பார்கள், பயிர்க்கடன் தவணை தப்பும், அடுத்த ஆண்டு அந்த மலிவு வட்டியும் போய்விடும். கொடுத்த நோக்கத்தை விட்டு வேறு செலவுக்குத் திருப்புவது விதிக்கும் புறம்பு. முன்பணம் சேரவில்லை என்றால் ஒரு தேங்காய் வெட்டு, இரண்டு வெட்டு காத்திருக்கலாம். அதுவரை தஞ்சாவூருக்குத் தெரிந்த ஒரு காரை மாத வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம்.

மொத்தத்தில் இந்த வீட்டுக்குச் சரிப்படும் வரிசை இது: வெள்ளத்திலும் உப்பிலும் படாத, கணக்குச் சுத்தமான பழைய இன்னோவா கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் ஆறு ஏர்பேக் உள்ள தாழ்படி ஏழு இருக்கைப் புது வண்டி, 10 லட்சக் கோட்டுக்குக் கீழே. போலேரோ அப்பாவின் மனதுக்கு மட்டுமே பொருந்துகிறது, பாட்டியின் காலுக்குப் பொருந்தவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் எந்த வண்டியானாலும் அப்பாயியை ஒரு முறை அதில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் முடித்து வரும் நாளில், வரும் வழியிலேயே ஷோரூமில் நிறுத்திப் பார்த்தால் சந்தேகம் இருக்காது. அன்று அவருக்கு உடம்பு இருக்கிற நிலைதான் அளவுகோல்.

சுமோவை என்ன செய்வது? டெல்லிப் பக்கம் பத்து வருட டீசல் வண்டிக்கு இருக்கும் தடை தமிழ்நாட்டில் இல்லை. 2008 வண்டிக்கு 2023இல் ஆர்.சி. புதுப்பித்திருப்பார்கள், அது ஐந்து வருடத்துக்கு, அதாவது 2028 வரை செல்லும். அதற்கு மேல் வைத்திருக்க மறுபடி எஃப்.சி., பசுமை வரி, புதுப்பிப்புக் கட்டணம் எல்லாம் கட்ட வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். தோப்புக்குள் தேங்காய் சுமக்க மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா கேட்பார். ஹெட் விரிசலுக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும் என்பதால் அந்தப் பணத்துக்குக் குட்டி யானை எத்தனை நடை வரும் என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

விற்பதென்றால் பழைய இரும்புக்குப் போகிற வண்டியானாலும் அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். ஓட்டுவதற்கு யாராவது வாங்குகிறார்கள் என்றால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறிவிட்டதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். பெயர் மாறாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எங்கோ நடந்த விபத்துக்குச் சம்மன் வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விற்கும் நாளில் பின்பக்கம் கிடக்கும் இழுவைக் கயிறு, தார்ப்பாய் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், புது வண்டியில் அவற்றைத் தர மாட்டார்கள்.